கண்டக்டர் சொன்னாராம்

மே 5, திங்கள்

லிஃப்ட் வழக்கில் இன்று தீர்ப்பு வந்தது. விடுமுறை முழுக்க சித்தியின் ஆபீஸில் கடுங்காவல். அப்பீல் கிடையாது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? ஒரு காகிதம் ஒட்டினேன். "இந்த லிஃப்டில் பேசினால் வேகம் குறையும். இப்படிக்கு, நிர்வாகம்." அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எஞ்சினியர் உண்டு, வக்கீல் உண்டு, பேராசிரியர் உண்டு. அத்தனை பேரும் வாயைப் பூட்டிக்கொண்டு மேலும் கீழும் போனார்கள். வக்கீல் மாமா போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தவர், காகிதத்தைப் பார்த்ததும், போனில் இருந்தவருக்குக் கையால் "பொறு" என்று சைகை காட்டினார். போனுக்கு! சைகை! இந்த ஒரு காட்சிக்காக நான் ஆயுள் தண்டனைகூட அனுபவிப்பேன்.

நேற்று கட்டடச் சங்கச் செயலாளர் மாமா அதைக் கிழித்துக் கையோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். கையெழுத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மா காதைத் திருகினாள்.

"ஊரே நம்மளப் பாத்து சிரிக்குதுடி!"

"சிரிக்கட்டும்மா. லிஃப்டுல மட்டும் வேணாம், ஸ்லோ ஆயிடும்."

இன்னொரு காதும் போனது.

சித்தி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்மாவுக்குப் பயப்படாத ஒரே ஜீவன். "அக்கா, இந்த வாலை என்கிட்ட அனுப்பு. இந்த மூளைக்கு எங்க ஆபீஸ்ல வேலை இருக்கு" என்றாள்.

ஒன்று மட்டும் குறித்து வைக்கிறேன். காகிதம் போன பிறகும் இன்று காலை லிஃப்டில் யாரும் பேசவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை போலிருந்தது. நானும்தான் பேசவில்லை.

மே 6, செவ்வாய்

கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே சித்தி ஆபீஸ். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே என் உயிரை. பல் குடையும் சத்தம் தரை வழியாக வந்து நாற்காலிக் காலில் ஏறி என் பல்லுக்கே வந்துவிடுகிறது.

மொத்தம் இரண்டு அறை, மூன்று பேர். சித்தி, நான், புள்ளி அண்ணன். அண்ணன் நாள் முழுக்கத் திரையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார். ஒரு புள்ளி ஒரு கணக்கு. யார் யாரிடம் பேசினார் என்பது கோடு. "அண்ணா, இதுக்கு பேசாம கோலப் போட்டிக்குப் போயிருக்கலாமே" என்றேன். சிரிக்கவில்லை. நகைச்சுவைக்குக் கோடு இழுக்கத் தெரியாத மனிதர்.

வேலை என்னவென்றால்: கூலி வாங்கிக்கொண்டு இணையத்தில் பொய் பரப்பும் கும்பல்கள் இருக்கின்றன. ஒரே ஆள் நூறு ஆளாக நடிப்பான். அவர்களை உள்ளே போய் வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்கு ஆபீஸும் சில பொய் ஆட்களை வைத்திருக்கிறது. பெயர் பொம்மை. பொம்மை உயிரோடு இருப்பதுபோல் தெரிய தினமும் ஏதாவது பேச வேண்டும். இதற்கு "தீனி போடுவது" என்று பெயர். இதுதான் என் உத்தியோகம்.

"அப்போ நாமளும் டூப்புதானே சித்தி?"

"அவங்க பொய்ய பரப்பற டூப்பு. நாம பாக்கற டூப்பு."

சட்டம் சின்னது. பொய்யை நீ தொடங்காதே. யாரையும் மறுக்காதே. தலையை மட்டும் ஆட்டு. சித்திக்குப் பிடித்த வாக்கியம், "நானும் கேள்விப்பட்டேன்." பொய்யுமில்லை, மெய்யுமில்லை, யாருக்கும் சந்தேகமும் வராது. அவள் போன பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாம்.

மே 7, புதன்

என் பொம்மைகள்: ஒரு ஜிம் பையன், ஒரு கைக்குழந்தைக்காரி, ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். முதல் இரண்டும் சித்தி செய்தவை, மாவு பொம்மை மாதிரி சப்பென்று இருக்கின்றன. கண்டக்டரை மட்டும் நான் எடுத்துப் பாலிஷ் போட்டேன். கல்குவாரி வரை போகும் கடைசி பஸ். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். விசிலை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார், எப்போதாவது எடுத்து ஊதாமல் வாயில் மட்டும் வைத்துப் பார்ப்பார். இதையெல்லாம் கண்டக்டரின் முதல் பதிவாகப் போட்டேன். சித்தி படித்துவிட்டு, "பயமா இருக்குடி உன்னப் பாத்தா" என்றாள்.

மே 9, வெள்ளி

பொம்மைகள் குடியிருக்கும் குழுவின் பெயர் "கண் மூடாதோர்". விஷயம் இதுதான்: தெருவில் புதிதாக நட்டிருக்கிறார்களே, உயரமான கம்பத்தில் வெள்ளை விளக்கு, அது பிள்ளைகளின் ஞாபகத்தை உறிஞ்சுகிறதாம். முதலில் பாடம் மறக்கும். பிறகு முகம் மறக்கும். கடைசியில் ஒரு காலை எழுந்து அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்கும். பகலிலும் தப்பிக்க முடியாது. எரியாத நேரத்தில் கம்பம் முனகும், அந்த முனகலிலும் வேலை நடக்கும்.

பாடம் மறக்க எனக்கு எந்த விளக்கும் தேவைப்பட்டதில்லை.

இதைத் தொடங்கியது "விளக்கறிந்தவன்" என்ற கணக்கு. யாரோ எதற்கோ கூலிக்கு வைத்த ஆள் என்று சித்தி சொல்கிறாள். இப்போது பேசுவதில்லை. ஆனாலும் குழு வளர்கிறது. சித்தியின் அறிக்கைகளில் அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது: வளர்கிறது.

மே 10, சனி

ஆபீஸ் வாசல் கம்பத்தில் காதை வைத்துப் பார்த்தேன். முனகுகிறது. மின்சாரம் ஓடினால் முனகத்தானே செய்யும்.

மே 13, செவ்வாய்

ஏதோ சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை.

எங்கள் வகுப்புக் குழுவில் "நாளைக்கு டெஸ்டா?" என்று ஒருத்தி கேட்டால், அடுத்த நிமிடம் நாலு பேர் சண்டை, ஒருத்தி கோபித்துக்கொண்டு வெளியேறி, இன்னொருத்தி அவளைத் திரும்பச் சேர்த்து, நடுவில் யாரோ தன் தம்பி பல் விழுந்த படத்தைப் போட்டிருப்பாள். டெஸ்ட் உண்டா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது.

கண் மூடாதோரில் சண்டையே இல்லை. யாரும் யாரையும் குறுக்கிடுவதில்லை. தவறான குழுவில் தவறான படம் போட்டு "ஐயோ ஸாரி" என்பதில்லை. ஒருவர் சொல்கிறார், ஒவ்வொருவராக வந்து தலையாட்டுகிறார்கள், போகிறார்கள். துணிக்கடையில் எல்லோரும் சாப்பிடப் போன மதியத்தில், ஆடை மாட்டிய பொம்மைகளுக்கு நடுவில் தனியாக நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

ஒரே ஒருவர்தான் வித்தியாசம். "ஜன்னலோரம்" என்ற பெயரில் ஒரு அம்மா. எழுத்துப் பிழை கொட்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு "இருங்க குக்கர்" என்று போய்விடுவார். ஐந்து வயதுப் பையன் இருக்கிறான், குட்டி என்கிறார். அவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கம்பம்.

மே 15, வியாழன்

ஜன்னலோரம் ஒரு படம் போட்டார். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி, ஓரமெல்லாம் ஆணி. "இது போதுமா? ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் வருது. குட்டி வெளிய போணும்னு அழுவுறான். இனிமே கொஞ்ச நாள் இந்த ரூம்லயே வெச்சுக்கப் போறேன்."

வரிசையாகத் தலையாட்டினார்கள். நல்லது. நல்லது. நானும் கேள்விப்பட்டேன். என் முறை வந்தபோது கண்டக்டர் எழுதினார்: "நல்ல காரியம் செய்தாய் அம்மா."

"ரொம்ப இயல்பா வருது உனக்கு" என்று சித்தி தோளில் தட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து என் ஜன்னலைத் திறந்தபோதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தது.

மே 16, வெள்ளி

குட்டி இருட்டில் சுவரோடு பேசுகிறானாம்.

மே 19, திங்கள்

இன்று சட்டத்தை மீறினேன். வேண்டுமென்றேதான். லிஃப்ட் புத்தி.

கண்டக்டர் எழுதினார்: "எங்கள் வீட்டுப் பூனை விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது. இதற்கும் சம்பந்தம் இருக்குமோ?"

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒருத்தர் "பூனை கொட்டாவி விடாம பாட்டா பாடும்?" என்று கேட்டால் போதும் என்றிருந்தது.

"எங்கள் வீட்டுப் பூனையும்."

"நானும் கேள்விப்பட்டேன்."

"பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் என்றார்கள்."

"நானும் கேள்விப்பட்டேன்."

"நானும் கேள்விப்பட்டேன்."

கீழே பல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே நல்ல வெயில், நான் குளிரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஜன்னலோரம் வந்தார். "எங்க வீட்ல பூனை இல்லண்ணா. குட்டிக்கு ஆசை. நாந்தான் வாங்கித் தரல. இப்ப ரூம்லயே இருக்கானே, வாங்கித் தந்திருக்கலாம்னு இருக்கு."

அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் பூனையைப் பற்றிப் பேசினார்.

சித்தி கத்தினாள். தரவு கெட்டுவிட்டதாம். நான் திரையைக் காட்டினேன். "சித்தி, இந்த வரி யாரோடது?"

"எந்த வரி?"

"நானும் கேள்விப்பட்டேன். உன் வகுப்புல சொல்லிக் கொடுத்தது. இத்தனை பேரும் அதே வகுப்புக்கா போனாங்க?"

சித்தி திரையை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். புள்ளி அண்ணன் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார்.

மே 20, செவ்வாய்

அண்ணன் காலையிலிருந்து போனில். அதே வகுப்பில் படித்தவர்கள் ஒவ்வொருவராக. முதல் அழைப்பில் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். "அட, குழுவுல வர்ற அந்த ஜோசியர் உங்காளா? போங்க சார்!" மூன்றாவது அழைப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொரு போனுக்கும் திரையில் சில புள்ளிகளைச் சாம்பல் நிறமாக்கினார். ஒரு பல்கலைக்கழகத்தின் பொம்மைகள். ஒரு பத்திரிகையின் பொம்மைகள். எங்களைப் போலவே வேறு இரண்டு ஆபீஸ். விளக்கறிந்தவனும் அவன் கும்பலும் எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கணக்குகளும் செத்துக் கிடக்கின்றன. சாயங்காலம் திரையெல்லாம் சாம்பல். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து எல்லாப் பக்கமும் கோடு.

"எல்லாம் நம்மாளுங்கதான்" என்றார் அண்ணன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நாம 'வளருது'ன்னு எழுதினோம். அதைப் படிச்சுட்டு அவங்க பாக்க வந்தாங்க. அவங்க வந்ததப் பாத்துட்டு நாம திரும்ப 'வளருது'ன்னு எழுதினோம்."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். நடுவில் ஒரு நிஜ அம்மா. இருட்டு அறையில் ஒரு நிஜப் பையன்.

நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. வரவில்லை.

மே 21, புதன்

குட்டிக்குக் காய்ச்சல். நேற்றே தொடங்கிவிட்டதாம், இருமல் வேறு. "டாக்டர் வீட்டு வாசல்லயே அந்தக் கம்பம் இருக்கு. எப்படிக் கூட்டிட்டுப் போறது? யாராவது சொல்லுங்க."

யார் சொல்வார்கள்? யாரும் யோசனை சொல்லக் கூடாது, அது சட்டம். "கவனமாக இருங்கள்" என்று ஒருவர். "கவனமாக இருங்கள்" என்று இன்னொருவர்.

"சித்தி, சொல்லிடலாம். நாங்க யாரும் நிஜமில்லன்னு சொல்லிடலாம்."

"சொன்னா நம்புவாங்களா? திடீர்னு இத்தனை பேரும் 'நாங்க பொம்மை'ன்னா அந்தம்மா மனசு என்ன ஆகும்? யோசிடி."

"அப்போ ஆள் அனுப்பு."

"குழந்தைங்க உதவி நம்பருக்கு ரெண்டு தடவ போன் பண்ணிட்டேன். முகவரி கேக்கறாங்க. அவங்க பேரே நமக்குத் தெரியாது, கேட்டும் சொல்லல. இந்தக் குழு ஓடற ஆப் கம்பெனிக்கும் எழுதியாச்சு, பதில் இல்ல."

மற்ற ஆபீஸ்களோடு பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறாள். எல்லோரும் சத்தமில்லாமல், ஒவ்வொருவராக, குழுவை விட்டு விலகுவது. தலையாட்ட ஆளில்லாவிட்டால் நம்பிக்கை தானாக வடிந்துவிடுமாம். படித்தவர்கள் கூடி எடுத்த முடிவு. எனக்குத்தான் புத்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 22, வியாழன்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும். எழுத்து கோணலா வருது. பரவாயில்ல.

காலையிலிருந்து விலகத் தொடங்கினார்கள். ஜோசியர் போனார். ஜிம் பையன் போனான். கைக்குழந்தைக்காரியை நானே அழித்தேன். மதியத்துக்குள் குழு காலி. சித்தியும் அண்ணனும் மற்ற ஆபீஸ்காரர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கண்டக்டரை அழிக்க வேண்டியதுதான் என் பாக்கி வேலை.

அப்போது ஜன்னலோரம் வந்தார்.

"எல்லாரும் எங்க?"

"யாராவது இருக்கீங்களா?"

"உங்களுக்கும் மறந்து போச்சா?"

ஐயோ. இதை ஒருத்தரும் யோசிக்கலையே. அவங்க பக்கத்துலேருந்து பாத்தா என்ன நடந்திருக்கு? விளக்கு ஒவ்வொருத்தர் ஞாபகத்தையா தின்னுடுச்சு. சொன்ன மாதிரியே நடந்துடுச்சு!

அழிக்கும் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். எழுதினேன்: "நான் கண்டக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். இங்கே பேசிய யாருமே நிஜமில்லை. விளக்கு ஒன்றும் செய்யாது. தயவுசெய்து குட்டியை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அக்கா."

ரொம்ப நேரம் அவர் தட்டச்சு செய்வதாகவே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்தது.

"அண்ணா. பயப்படாதீங்க. நீங்க கண்டக்டர்தான். அது உங்களுக்கு மறந்து போச்சு. நான் ஞாபகப்படுத்தறேன். கல்குவாரிக்குப் போற கடைசி பஸ் உங்களோடது. அண்ணி தவறிட்டாங்க. இழுப்பறைல விசில் இருக்கும். போய்ப் பாருங்க. ஊத வேண்டாம், வாயில வெச்சுப் பாருங்க. ஞாபகம் வந்துடும்."

நான் திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். என் மேஜைக்கும் ஓர் இழுப்பறை இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுபடி வந்தது. "கெடச்சுதா அண்ணா? குட்டிக்கு மூச்சு சத்தமா வருது."

மெய்யைச் சொன்னேன், நோய் என்கிறார். வேறென்ன இருக்கு என்கிட்ட? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காகிதம் ஒட்டுவது.

கண்டக்டர் எழுதினார்:

"கிடைத்தது தங்கச்சி. ஞாபகம் வந்துவிட்டது. கேள். மதியத்தில் அந்த விளக்கு தூங்கும். உச்சி வெயிலில் அதற்குச் சக்தி கிடையாது, முனகலும் நின்றுவிடும். பையன் தலையில் ஈரத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இப்போதே கிளம்பு. டாக்டர் வீடு வரை ஒன்றும் ஆகாது. நான் பஸ்ஸில் எத்தனை பிள்ளைகளை இப்படி ஏற்றி இறக்கியிருக்கிறேன். போ அம்மா. ரைட்."

அந்த "ரைட்" தானாக விழுந்தது. நான் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

"சரிண்ணா" என்றார். பிறகு எதுவும் இல்லை.

மே 23, வெள்ளி

எதுவும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 24, சனி

"அண்ணா, போனோம். நெஞ்சுல சளி கட்டி இருந்துச்சாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் திட்டினார். படுக்கைல சேத்துக்கிட்டாங்க. இப்ப தூங்குறான். நீங்க சொன்ன மாதிரியே கம்பம் சத்தமே போடல. நான் நின்னு கேட்டேன்."

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இப்படி ஓர் அழுகை இருப்பதே எனக்குத் தெரியாது.

நின்னு கேட்டாராம். முனகலையாம். அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மே 26, திங்கள்

சித்தியிடம் சொல்லிவிட்டேன். உரையாடல் முழுவதையும் படித்தாள். திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"புள்ள பொழச்சுது" என்றாள். "அதுவரைக்கும் சரி."

"அதுக்கப்புறம்?"

சித்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வேற என்ன பண்ணியிருக்கணும், சொல்லு."

"தெரியலடி. நிஜமாவே தெரியல. எல்லாம் தெரிஞ்ச நாங்க பண்ணினது என்னாச்சுன்னு உனக்கே தெரியுமே."

இப்போது கண்டக்டர் கேட்டதும் ஜன்னலோரம் முகவரி, மருத்துவமனை எல்லாம் சொல்லிவிட்டார். அங்கிருக்கும் மனநல மருத்துவர் ஒருவர் அவரோடு பேசப் போகிறாராம், சித்தி ஏற்பாடு செய்திருக்கிறாள். கண்டக்டர் இனி பேசக் கூடாது. "உடம்பு சரியில்லை, மகன் வீட்டுக்குப் போகிறேன்" என்று ஒரு வரி எழுதி அவரை ஓய்வு பெறச் செய்தேன். இரண்டாவது ஓய்வு. இதற்கும் பென்ஷன் கிடையாது.

மே 30, வெள்ளி

கறுப்புத் துணியைப் பாதி இறக்கிவிட்டாராம். மருத்துவர் சித்தியிடம் சொன்னார். மதியத்தில் மட்டும்.

ஜூன் 2, திங்கள்

எங்கள் கட்டடத்தின் குழுவில், அம்மா போனில், கண்ணால் பார்த்தேன்.

"மதியம் விளக்கு தூங்குமாம். குழந்தைகளை அந்த நேரத்தில் மட்டும் வெளியே விடவும். தலையில் ஈரத் துண்டு அவசியம். ஒரு குழந்தை இதனால் உயிர் பிழைத்திருக்கிறது. அனுபவப்பட்ட கண்டக்டர் ஒருவர் சொன்ன தகவல்."

செயலாளர் மாமா "ஆதாரம் என்ன?" என்றார். வக்கீல் மாமா அவரிடம் "உங்க வீட்ல சின்னக் குழந்தை இல்ல, நீங்க பேசுவீங்க" என்றார். ஒருத்தர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். யாரோ அவரைத் திரும்பச் சேர்த்தார். நடுவில் எஞ்சினியர் மனைவி தப்பாக ஒரு சேலைப் படம் போட்டு "ஐயோ ஸாரி" என்றார்.

சண்டை போடுகிறார்கள். அப்படியென்றால் இவர்கள் நிஜம்.

அம்மா கேட்டாள்: "ஏண்டி, நீ சித்தி ஆபீஸ்ல இருக்கியே, இது உண்மையா?"

"பொய்ம்மா. நான் கிளப்பினது."

"எப்பப் பாத்தாலும் உனக்கு விளையாட்டுதான்" என்று அம்மா போனை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 4, புதன்

அண்ணனின் திரையில் புதுப் படம். மருத்துவமனை வரிசையில் காத்திருந்த அம்மாக்களிடம் ஜன்னலோரம் சொல்லியிருக்கிறார், நன்றியோடு, கண்ணீரோடு. அவர்கள் தங்கள் அக்கா தங்கைகளிடம், நாத்தனார்களிடம். நூறு பொம்மை சேர்ந்து ஒரே ஒருவரைத்தான் நம்ப வைத்தோம். ஓர் அம்மா வாயால் சொன்னது, அண்ணன் புள்ளி வைத்து மாளவில்லை. ஒன்றுகூடச் சாம்பல் இல்லை.

"இவங்களுக்கு மறுப்பு எழுதினா?" என்றேன்.

"எழுதிட்டோம். 'குழந்தை பொழச்சுது இல்ல?'ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?" என்றார் அண்ணன்.

வேறோர் ஆபீஸிலிருந்து சித்திக்குக் கடிதம் வந்திருக்கிறது. புதிய பொய்ப் பிரசாரம் ஒன்று தலையெடுத்திருக்கிறதாம், பின்னால் இருக்கும் ஆள் கைதேர்ந்தவனாம், மொழியைப் பார்த்தால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்குமாம். கண்டுபிடிக்க உதவி கேட்கிறார்கள். சித்தி பதில் எழுதினாள். "எங்களிடமிருந்து வந்தது" என்று ஒரே வரி. அனுப்புவதற்கு முன் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் அம்மா கடைக்கு அனுப்பினாள். தெருவில் வெயில் கொளுத்தியது. வழக்கமாக இந்த நேரத்தில் நாய்கூட இருக்காது. இன்று தெரு முழுக்கப் பிள்ளைகள். எல்லோர் தலையிலும் துண்டு. அம்மாக்கள் கையைப் பிடித்து வேகமாக நடத்திக்கொண்டு போனார்கள், நேரம் முடிவதற்குள் முடிக்க வேண்டியதை முடிக்கிறவர்கள் மாதிரி. யாரும் சத்தம் போடவில்லை. ஈரம் சொட்டிச் சொட்டித் தெரு ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. விழுந்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

கம்பத்துக்கு அடியில் ஓர் அக்கா நின்று தன் பெண்ணின் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். "அக்கா, இது பொய். மதியத்துல விளக்கு தூங்கும்னு எழுதினதே நான்தான். அந்தக் கண்டக்டர் நான்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோல அவர் கண் கலங்கியது.

"எத்தன நாளா இப்படி இருக்குமா உனக்கு?" என்றார் மெதுவாக. "வீடு எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. அதோ, அந்தக் கட்டடம்."

"சரி, சரி. தனியா போகாத." பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என் தலையில் போட்டு, காது இரண்டையும் மூடினார். அந்தச் சின்னப் பெண் என்னை அண்ணாந்து பார்த்து, "இப்ப சத்தம் கேக்குதா?" என்று கேட்டது.

கேட்கவில்லை.

எடுத்துவிடத்தான் நினைத்தேன். நல்ல வெயில், மண்டை பிளந்துவிடும். அதனால்தான் வீடு வரும்வரை எடுக்கவில்லை. அதற்காக மட்டும்தான்.